முதுகுதாங்கியும் மனித உடலும்: கைப்படச் செய்யும் கயாக் ஓடம் பற்றிய ஒரு நோக்கு

1

கலை இலக்கிய ஆய்வில் ஈடுபடும் நாம் உருவம், உள்ளடக்கம் என்னும் சொற்களை அடிக்கடி வழங்குகின்றோம். ஆயின், அச்சொற்கள் குறிக்கும் உறவு கவிதையிலும் நாவலிலும் மட்டும் காணப்படுவதன்று. மனிதன் தன் கையாற் செய்து தன் உடலாற் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளிலும் அது தொழிற்படுகின்றது. அத்தகைய பொருள்களுள் ஒன்றான கயாக் ஓடத்தின் முதுகுதாங்கியை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த கரையோரங்களில் வாழும் மக்கள் உருவாக்கிய ஒடுங்கிய ஓடமாகும். மேற்புறம் மூடப்பட்டது. நடுவிலுள்ள இருக்கைக் குழியில் ஒருவர் கால்களை முன்னே நீட்டி அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பினால் அதனைச் செலுத்துவர். இன்று உலகின் பல பாகங்களில் ஒட்டுப்பலகையையும் மரக்கீற்றுகளையும் கொண்டு இதனை வீட்டிலேயே செய்துகொள்வோர் உளர். ஓடம் முழுவதையும் செவ்வனே செய்து முடித்தவர்கூட, ஒரு மணி நேரம் அதில் அமர்ந்தபின் இடுப்பு நோவுடன் கரையேறுவதுண்டு. அவர் உடனே செய்ய நினைப்பது, நாற்காலியின் சாய்வைப்போல உயர்ந்ததும் தடித்ததும் மென்மையானதுமான ஒரு தாங்கியை அமைப்பதாகும். பெரும்பாலும் அதனால் நோவு தீர்வதில்லை. சில வேளைகளில் மிகுவதுமுண்டு.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? சுகம் என்பது பொருளினுள்ளே உறையும் ஒரு குணம் என்று கொள்வதனாலேயே இத்தவறு நேர்கின்றது. உண்மையில் சுகம் ஓர் உறவு. உடலுக்கும் கருவிக்கும் அவ்வுடல் செய்யும் தொழிலுக்கும் இடையிலான உறவு. அவ்வுறவு வரலாற்றால் உருவானது. ஆகவே முதுகுதாங்கியைச் செய்யும் முறையை விளக்குமுன், அது ஏன் தேவைப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும்.

2

கிறீன்லாந்து மரபில் ஓடத்தின் அளவுகோல் அதனைச் செலுத்துபவரின் உடலே. நீளம் ஏறத்தாழ மூன்று பாகம். அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்தின் மும்மடங்கு. அகலம் இடுப்பின் அகலத்தோடு இரு முட்டி. இவ்வாறு கைக்கணக்காலேயே அளவுகள் வகுக்கப்பட்டன. மரம் வளராத அக்கரைகளில் கடல் ஒதுக்கிய மரத்தைக்கொண்டு ஆடவர் சட்டகத்தை அமைத்தனர். சீல் விலங்கின் தோலைப் பெண்கள் பதப்படுத்தி, நீர் புகாதவாறு தைத்துப் போர்த்தினர். எனவே கயாக் ஒரு தனிமனிதனின் ஓடமாயினும், ஒரு குடும்பத்தின் கூட்டுழைப்பால் விளைந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்வோடத்தில் இன்று நாம் கருதும் பொருளில் முதுகுதாங்கி என்றொரு தனியுறுப்பு இருக்கவில்லை. இருக்கையாக விலங்குத் தோல் விரிக்கப்பட்டது. தொடைகளுக்கு மேலே வளைந்த குறுக்குச் சட்டம் ஒன்று அமைந்தது. கிறீன்லாந்து மொழியில் அதற்கு மாசிக் என்று பெயர். முதுகுக்குப் பின்னே இருக்கைக் குழியின் விளிம்பும் அதனைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் இருந்தன. தேவைப்படும்போது வேடர் அதில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டார். ஓடத்தின் உறுப்பே உடலின் தாங்கியாயிற்று. கால்நீட்டி அமர்தல் அவருக்குச் சிறுவயது முதலே பழகிய இருப்பாகவும் இருந்தது.

இதனைக்கொண்டு பழைய வேடரின் வாழ்வு நோவற்ற பொற்காலமாயிருந்தது என்று முடிவுசெய்தல் தவறாகும். அலாஸ்காவின் பூர்வீக மக்களது எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தி. டேல் ஸ்ரூவட் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், இடுப்புப் பகுதி முள்ளென்புகளின் பின்வளைவில் ஏற்படும் பிளவு அவர்களிடையே மிக அதிகமாகக் காணப்பட்டதை 1953இல் எடுத்துக்காட்டினார். வயது ஏற ஏற அது மிகுந்திருந்தது. கயாக்கை மட்டும் அதற்குக் காரணமாக்க இயலாது. சுமை தூக்கல், குனிந்து செய்யும் வேலைகள், மரபுரிமை ஆகியனவும் இதில் எண்ணப்படவேண்டியவை. ஆயினும் உழைப்பு முதுகெலும்பிலே தன் சுவட்டைப் பதித்துச் செல்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மனிதனின் கை உழைப்பின் கருவி மாத்திரமன்றி உழைப்பின் விளைவுமாகும் என்று எங்கெல்ஸ் 1876இல் எழுதினார். முதுகையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வரலாற்றுச் செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. அலூத்தியத் தீவுகளின் மக்கள் ஒற்றைக் குழியும் இரட்டைக் குழியும் கொண்ட தோலோடங்களைப் பயன்படுத்தினர். 1741இல் பேரிங்கின் பயணத்தைத் தொடர்ந்து றஷ்ய உரோம வணிகர் அங்கு நுழைந்தனர். 1799இல் நிறுவப்பட்ட றஷ்ய-அமெரிக்கக் கம்பனியின் ஆதிக்கத்தில், கடல் நீர்நாய் வேட்டைக்காக அத்தீவின் ஆடவர் கட்டாயமாகத் திரட்டப்பட்டனர். அக்காலத்திலேதான் மூன்று குழிகளைக் கொண்ட ஓடம் பெருவழக்காயிற்று. முன்னும் பின்னும் இருந்தவர் துடுப்பு வலித்தனர். நடுக்குழியில் அதிகாரியோ வணிகரோ மதகுருவோ அமர்ந்து சென்றனர். ஒரே ஓடத்தில் உழைக்கும் முதுகும் உழைக்காத முதுகும் இவ்வாறு ஒன்றாயின. இவ்விரண்டிற்கும் வேண்டிய தாங்கி ஒன்றன்று என்பதை ஓடத்தின் அமைப்பே உணர்த்துகின்றது. வெறுமனே அமர்ந்திருப்பவருக்குச் சாய்வு வேண்டும். துடுப்பு வலிப்பவருக்கோ ஊன்றுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தே இன்று பலர் கயாக்கில் நாற்காலியை அமைக்கின்றனர்.

3

முதுகுதாங்கி தனியுறுப்பாக எழுத்திற் பேசப்படுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே காண்கின்றோம். ஜோன் மக்கிரெகர் என்னும் ஸ்கொத்லாந்து வழக்கறிஞர் 1865இல் தமக்கென ஓக் மரத்தினால் ஓர் ஓடத்தைக் கட்டுவித்து, 'றொப் றோய்' எனப் பெயரிட்டு, ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் பயணஞ்செய்தார். மறுவருடம் வெளிவந்த அவரது நூல் நடுத்தர வர்க்கத்தினரிடையே இவ்விளையாட்டைப் பரப்பியது. ஏறத்தாழ பதினைந்து அடி நீளமான அவ்வோடத்திற்கு அவர் அமைத்த முதுகுப்பலகை இன்றும் பாடமாகக் கொள்ளத்தக்கது. இரு மரச் சட்டங்கள் முதுகெலும்பின் இருபுறமும் படுமாறு இணைக்கப்பட்டன. எலும்புத்தொடர் படும் நடுவிடம் வெறுமையாக விடப்பட்டது. பலகை இறுக்கப்படாது தொங்கவிடப்பட்டமையால், உடல் அசையுந்தோறும் அதுவும் உடன் அசைந்தது.

அவருக்கு இப்பலகை ஏன் வேண்டியிருந்தது? அவர் வேடரல்லர், நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்யும் வர்க்கத்தைச் சேர்ந்தவர். அவரது உடல் நாற்காலியால் உருவான உடல். பசி பசியே எனினும், சமைத்த இறைச்சியைக் கத்தி முள்ளுக்கரண்டி கொண்டு உண்பவனின் பசியும், பச்சை இறைச்சியைப் பல்லாலும் நகத்தாலும் கிழித்து உண்பவனின் பசியும் ஒன்றல்ல என்ற கருத்தை மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரையிலே முன்வைத்தார். உற்பத்தி, தேவைக்குரிய பொருளை மாத்திரமன்றித் தேவையையுமே படைக்கின்றது என்பது அதன் சாரம். நாற்காலியைப் படைத்த சமூகம், சாய்வின்றி இருக்கவியலாத முதுகையும் படைத்தது எனலாம்.

இதன் அடுத்த கட்டம் ஜேர்மனியிலே நிகழ்ந்தது. கட்டடக் கலை மாணவரான அல்பிரட் ஹொய்ரிக் 1905இல் மடித்து எடுத்துச் செல்லத்தக்க கயாக் ஒன்றைச் செய்தார். றோசன்ஹைம் நகரத்துத் தையற்காரரான ஜொஹான் கிளெப்பர் 1907இல் அதன் உரிமையைப் பெற்று உற்பத்தியைத் தொடங்கினார். பையில் இட்டுப் புகைவண்டியிற் கொண்டுசெல்லக்கூடிய இவ்வோடம், படகு நிறுத்துமிடமோ சொந்த வாகனமோ இல்லாத நகரவாசிக்கும் ஆற்றைத் திறந்துவிட்டது. 1918 நவம்பர்ப் புரட்சியோடு எட்டு மணி நேர வேலைநாள் அங்கு சட்டமாயிற்று. தொழிலாளர் போராடிப் பெற்ற ஓய்வு நேரமின்றி இத்தகைய விளையாட்டுகள் வெகுசனமயமாகியிருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், நீர்தாங்கும் பசையும் ஒட்டுப்பலகையும் மலிவாகக் கிடைக்கலாயின. பலகைத் துண்டுகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடியிழை நாடாவாலும் பசையாலும் இறுக்கும் முறை பிரித்தானியாவில் உருவாயிற்று. அங்கு கைப்பணி ஆசிரியராயிருந்த கென் லிற்றில்டைக் இம்முறையிற் கயாக் செய்வதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். 1963இல் ஒரு நாளிதழின் ஆதரவோடு வெளிவந்த 'மிரர்' பாய்ப்படகு இம்முறையைப் பரவலாக்கியது. படகு கட்டும் பரம்பரைத் தொழிலறிவு இல்லாதவரும் வரைபடத்தைக்கொண்டு ஓடஞ் செய்ய இயன்றது. ஆயின், வரைபடம் எவரோ ஒரு சராசரி மனிதனுக்குரியது. வேடரின் ஓடம் ஒருவரின் உடலிலிருந்து பிறந்தது. வரைபட ஓடமோ உடலுக்கு வெளியே பிறந்து உடலைத் தேடுகின்றது. இவ்விடைவெளியை நிரப்புவதே முதுகுதாங்கியின் பணியாகும்.

4

இனி, உடலின் இயக்கத்தை நோக்குவோம். இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து நாரி முள்ளென்புகள், நிற்கும்போது உள்நோக்கி மெல்ல வளைந்திருக்கும். கால்களை நீட்டி அமரும்போது பின்தொடைத் தசைகள் இழுபடுகின்றன. அவை இடுப்பென்பின் அடிப்புறத்திற் பொருந்தியிருப்பவை. ஆகவே இடுப்பைப் பின்னோக்கிச் சரியச் செய்கின்றன. இடுப்புச் சரிந்ததும் நாரியின் உள்வளைவு தட்டையாகி வெளிநோக்கிக் கூனுகின்றது. முள்ளென்புகளுக்கிடையேயுள்ள வட்டத்தட்டுகளின் முன்பக்கம் நசுங்கப் பின்பக்கம் இழுபடுகின்றது. முதுகின் தசைநார்களும் இடையறாத இழுவைக்குள்ளாகின்றன. நோவின் மூலம் இதுவே.

இதிலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. நோவு முதுகிலே தோன்றினும், அதன் காரணம் இடுப்பும் தொடையுமாகும். மேல்முதுகைத் தாங்கும் உயர்ந்த சாய்வு, சரியும் இடுப்பைத் தடுப்பதில்லை. அதில் மேல்முதுகைச் சாய்க்கும்தோறும் இடுப்பு முன்னே வழுகி, சரிவு மிகுகின்றது. தாங்கவேண்டிய இடம் இடுப்பென்பின் மேல்விளிம்பை ஒட்டிய பகுதியும் நாரியின் கீழ்ப்பகுதியுமாகும்.

இரண்டாவதாக, துடுப்பு வலித்தல் கையின் தொழில் மட்டுமன்று. உடற்பகுதி முழுவதும் இடமும் வலமும் திரும்புவதாலேயே வலு பிறக்கின்றது. வலப்புறம் துடுப்பு நீரிற் புகும்போது வலது கால் பாதத்தாங்கியை உதைக்கின்றது. அவ்விசை கால்வழியே இடுப்பை அடைந்து உடலைத் திருப்புகின்றது. பாதத்தாங்கி, இருக்கை, முதுகுதாங்கி ஆகிய மூன்றும் ஒரே விசைச் சங்கிலியின் கண்ணிகள். அவற்றுள் ஒன்றை மட்டும் திருத்தி ஏனையவற்றை விட்டுவிட முடியாது. தோள்வரை உயர்ந்த சாய்வோ இத்திருப்பத்தையே தடுத்துவிடும். அலைநீரைத் தடுக்க இருக்கைக் குழியின்மேற் கட்டும் துணிமறைப்பும் அதனாற் பொருந்தாது போகும்.

5

இவ்வடிப்படையில் முதுகுதாங்கியைச் செய்யும் முறையைப் படிமுறையாகக் கூறலாம்.

முதலாவது, அளத்தல். ஓடத்தை நிலத்திலே அசையாது வைத்து, வழக்கமாக அணியும் உடையுடனும் உயிர்காப்பு அங்கியுடனும் அதில் அமர்தல் வேண்டும். முழங்கால்கள் சற்றே மடிந்து வெளிநோக்கிச் சாய்ந்திருக்குமாறு பாதத்தாங்கியை முதலிற் சரிசெய்க. முழங்கால் மடியும்போது பின்தொடைத் தசைகளின் இழுவை குறைகின்றது. பின்னர் ஒரு துவாயைச் சுருட்டி இடுப்பின் பின்னே வைத்து, மேலும் கீழும் நகர்த்தி, முதுகு தானாகவே நிமிரும் இடத்தைக் கண்டு குறித்துக்கொள்க. எந்நூலின் அளவினும் இக்குறி நம்பத்தக்கது.

இரண்டாவது, இருக்கை. நீரை உறிஞ்சாத நுரைத்தகட்டில் இருக்கையை வெட்டி, முன்விளிம்பு பின்விளிம்பிலும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயருமாறு சரிவாகச் செதுக்குக. இது தொடைகளைத் தாங்கி, இடுப்பு முன்னே வழுகுவதைத் தடுக்கும். ஆயின் இருக்கை முழுவதையும் உயர்த்தலாகாது. உடலின் பாரம் மேலேறினால் ஓடம் தளம்பும்.

மூன்றாவது, தாங்கியின் உடல். முப்பத்தைந்து சென்ரிமீற்றர் அகலமும் பன்னிரண்டு முதல் பதினைந்து சென்ரிமீற்றர் உயரமும் போதுமானவை. முதலில் மட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்தல் நன்று. அதன்பின் நான்கு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் வெட்டி, மூலைகளை நன்கு உருட்டி, விளிம்புகளைத் தேய்த்து, எப்பொட்சிப் பசையோ வார்னிஷோ பூசி நீர்புகாது காக்க வேண்டும். பலகையின் முன்புறம் இரண்டு முதல் மூன்று சென்ரிமீற்றர் தடிப்பான நுரைத்தகட்டை ஒட்டுக. நடுவே மேலிருந்து கீழாக ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் அகலமான பள்ளம் ஒன்றைச் செதுக்குதல் அவசியம். முதுகெலும்பின் முனைகள் அதில் அழுத்தமின்றி அமையும். மக்கிரெகர் தம் இரு சட்டங்களுக்கிடையே விட்ட வெற்றிடத்தின் நோக்கமும் இதுவே. மெத்தைக்குப் பயன்படும் சாதாரண ஸ்பொஞ் இவ்வேலைக்கு ஆகாது. அது நீரை உறிஞ்சிப் பாரமாகிக் குளிர்வதோடு, உடலின் பாரத்தில் முற்றாக நசுங்கியும் விடும்.

நான்காவது, தொங்கவிடல். தாங்கியை ஓடத்தோடு இறுக்கமாக ஆணியடித்தல் தவறு. அதன் இரு பக்கங்களிலும் இருபத்தைந்து மில்லிமீற்றர் நைலோன் நாடாவைப் பொருத்தி, இருக்கைக் குழியின் இருமருங்கிலும் இடுப்புக்குச் சற்று முன்னே, விளிம்புக்குக் கீழே இணைக்க வேண்டும். பக்கிள் மூலம் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலுதல் வேண்டும். ஓடத்தின் அடிப்பலகையைத் துளைக்காது, உட்புறத்திலே சிறு மரத்துண்டுகளைப் பசையால் ஒட்டி அவற்றில் நாடாவைப் பொருத்துவதே ஏற்றது. பின்புறத்தில் இழுபடும் றப்பர்க் கயிறு ஒன்றைப் பின்விளிம்போடு இணைத்தால், ஏறும்போது தாங்கி கீழே மடிந்து விழாது. தாங்கியின் மேல்விளிம்பு இருக்கைக் குழியின் பின்விளிம்புக்கு மேலே எழாதிருத்தல் நன்று.

ஐந்தாவது, திருத்தல். அரை மணி நேரம் துடுப்பு வலித்தபின் கரையேறி, தோல் எங்கே சிவந்துள்ளது, எங்கே மரத்துள்ளது என்பதைக் கவனித்து, அவ்விடத்தில் நுரையைச் சிறிது சிறிதாகச் செதுக்குக. காலில் விறைப்பு ஏற்படின் குறை பெரும்பாலும் முதுகுதாங்கியிலன்று, இருக்கையின் முன்விளிம்பிலே இருக்கும். ஓடம் கவிழும்போது தடையின்றி வெளியேறக்கூடியதாயிருக்கின்றதா என்பதை, அமைதியான ஆழங்குறைந்த நீரில், துணையொருவர் அருகிருக்கச் சோதித்தபின்னரே திறந்த நீருக்குச் செல்லவேண்டும். தளர்ந்து தொங்கும் நாடா காலைப் பின்னும் கண்ணியாகிவிடலாம். மிஞ்சிய நுனிகளை வெட்டி, நெருப்பிற் காட்டி முடித்துவிடுக.

எத்துணை நன்றாகச் செய்த தாங்கியும் அசையாதிருக்கும் உடலைக் காப்பதில்லை. மணிக்கொருமுறையேனும் கரையேறி நிமிர்தலும், பின்தொடைத் தசைகளை நாள்தோறும் பயிற்றித் தளர்த்தலும் இதனோடு சேர்ந்தவை. நீங்காத நோவுக்கு மருத்துவரையே நாடவேண்டும்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலப்படுகின்றது. சந்தைக்கெனச் செய்யப்படும் இருக்கை, வாங்குபவரின் கண்ணைக் கவரவேண்டியுள்ளது. கடையிலே அமர்ந்து பார்க்கும் சில கணங்களில் உயர்ந்ததும் தடித்ததும் மென்மையானதுமே சுகமாய்த் தோன்றும். பரிமாற்றப் பெறுமதி அக்கணத்திலேயே முடிவாகின்றது. பயன்பெறுமதியோ மூன்றாம் மணி நேரத்திலே, நடுநீரில் வெளிப்படுகின்றது. தனக்கெனத் தானே செய்பவரிடத்து இவ்விரண்டிற்குமிடையே பிளவில்லை. செய்யும் கையும் சாயும் முதுகும் ஒருவருடையனவே. பொருளின் குறை அவரது நோவாகவே திரும்பிவந்து, அடுத்த திருத்தத்திற்கு வழிகாட்டுகின்றது.

இதனால் வீட்டில் ஓடஞ் செய்வதே அந்நியமாதலுக்கு மாற்று என்று கூற முன்வருவோமாயின், அது கற்பனாவாதமாகும். ஓடஞ் செய்வதற்கு இடம் வேண்டும், பலகை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு நேரம் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் குனிந்து கொழுந்து பறிப்பவரிடமோ, தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருப்பவரிடமோ அது இல்லை. அவர்களது முதுகுக்கு வேண்டிய தாங்கியைத் தனியொருவர் தம் வீட்டில் இருந்து செய்துவிட முடியாது. வேலை நேரமும் வேலைக் கருவியும் யாருடைய முடிவால் அமைகின்றன என்ற கேள்வியோடு அது பிணைந்துள்ளது. ஆயினும் கையாற் செய்பவர் கற்றுக்கொள்ளும் பாடம் ஓடத்தோடு நின்றுவிடுவதன்று. கருவியைப் பயன்படுத்தும் உடலே கருவியின் அளவுகோலாதல் வேண்டும். உடலைக் கருவிக்கேற்ப மடக்குதல் இயற்கையன்று, ஓர் ஏற்பாடு மாத்திரமே. ஏற்பாடாயின், மாற்றவும் கூடியது. பதினைந்து சென்ரிமீற்றர் பலகையொன்றைச் செதுக்கிப் பொருத்தியவருக்கு இதனை விளக்க நீண்ட வாதம் தேவைப்படாது.